நிறம் மாறிய டயல்: பழைய வாட்ச் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாத்தாவிடம் ஒரு ஒமேகா சீமாஸ்டர் இருந்தது. வெள்ளி நிற டயல். வயதாகி, பால் சுண்டும்போது வருமே ஓர் இளமஞ்சள், அந்த நிறத்துக்கு வந்திருந்தது. அவர் காலமான பிறகு அப்பா அதை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தார். திரும்பி வந்தபோது டயல் சுண்ணாம்பு அடித்த சுவர்போலப் பளிச்சென்று இருந்தது. கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார், அப்பாவுக்கும் சந்தோஷம்தான். பல வருடம் கழித்து லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எழுத்துகள் தடித்துப்போயிருந்தன, நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறியிருந்தன. தாத்தா கட்டிய முப்பது வருடத்து வெயில் அந்த டயலில் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பழைய வாட்சில் மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், பட்டையை மாற்றலாம். டயலில் காலம் ஏற்றிய நிறத்தை மட்டும் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. செப்புச் சிலைமேல் படிந்த களிம்பை விவரம் தெரிந்தவர்கள் புளி போட்டுத் துலக்க மாட்டார்கள் அல்லவா, அதே நியாயம்தான். நிறம் மாறிய டயலுக்கு அவ்வளவு விலை கொடுப்பதும், அதைப் போலியாகச் செய்வதும் இந்த ஒரே காரணத்தால்தான். அதனால் அழகை ரசிக்கப் பழகுவதோடு, அது உண்மையான முதுமைதானா என்று படிக்கவும் பழக வேண்டும்.

படி 1: எந்த வகை முதுமை என்று அடையாளம் காணுங்கள்

எல்லா நிறமாற்றமும் ஒன்றல்ல. சேகரிப்பவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் பெயர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலிடம் டிராபிக்கல் டயலுக்கு. கறுப்பாகத் தயாரான டயல் பழுப்பாக மாறியிருக்கும். 1950, 60களின் ரோலக்ஸ் சப்மரைனர், ஜிஎம்டி மாஸ்டர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஆகியவற்றில் இது அதிகம் பேசப்படும். ஒரு நண்பர் தன் 5513 சப்மரைனரை என் கையில் கொடுத்தபோது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது வெறும் கறுப்பு டயல். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் திருப்பியதும் கருப்பட்டி நிறம் எழுந்து வந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருட்டு, நடுவில் டிகாஷன் நிறம். அதனால் டிராபிக்கல் டயலை அறை வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. (ரோலக்ஸின் பழைய பிளாஸ்டிக் கண்ணாடிகளுக்கும், டைவிங் வாட்ச்களின் ஒருவகை ரப்பர் பட்டைக்கும் 'டிராபிக்' என்று பெயர் உண்டு. டயலின் நிறத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக வருபவர்கள் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.)

அடுத்தது, வெள்ளை டயல் பாலாடை நிறத்துக்கு மாறுவது. 1985-இல் வந்த ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 2, மாடல் எண் 16550, இதற்குப் பேர்போனது. வெள்ளை பெயின்டில் இருந்த குறையால் சில டயல்கள் தந்த நிறத்துக்கு மாறின. அன்று அது தயாரிப்புக் கோளாறு. இன்று அந்த நிறத்துக்காகவே தேடுகிறார்கள்.

மூன்றாவது, பட்ரிட்ஸி டயல். 1988-இல் வந்த ரோலக்ஸ் டேடோனா 16520-இன் கறுப்பு டயலில் மூன்று சின்ன வட்டங்கள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள வெள்ளி வளையங்கள் 1990களின் நடுப்பகுதியில் தயாரான சிலவற்றில் பழுப்பாகின. மேலே பூசிய வார்னிஷ் வெள்ளியைச் சரியாகப் பாதுகாக்காததால் அது காற்றுபட்டுக் கறுக்கத் தொடங்கியது. இதைக் கவனித்து எழுதியவர் ஆன்டிகோரம் ஏல நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்வால்டோ பட்ரிட்ஸி. பெயரும் அவருடையதே நிலைத்துவிட்டது. இந்த வளையங்கள் இன்னும் கறுத்துக்கொண்டே இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சிலந்தி டயல் என்பது 1980களின் பளபளப்பான லாக்கரில், அதாவது டயலின் மேல்பூச்சில், மெல்லிய வெடிப்புகள் சிலந்தி வலைபோலப் பரவியது. இது ஒவ்வொருவர் ரசனை. எனக்குப் பிடிக்காது. ஆனால் விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு.

நீர் புகுந்த கறை, துரு, பூச்சு உப்பி உரிவது எல்லாம் முதுமை அல்ல, சேதம். 'அழகான பட்டினா', அதாவது காலம் ஏற்றிய நிறம், என்ற பெயரில் இதையும் விற்பார்கள். ஒரு எளிய அளவுகோல்: நிறம் டயல் முழுக்க ஒரே சீராகவோ, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகவோ மாறியிருந்தால் நல்லது. கண்ணாடி விளிம்பிலிருந்தோ, சாவி கொடுக்கும் திருகு இருக்கும் மூன்று மணிப் பக்கத்திலிருந்தோ திட்டுத்திட்டாக உள்ளே பரவியிருந்தால் அது தண்ணீர்.

படி 2: ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அக்காலத்து டயல் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் நிறப் பூச்சு, அதற்கும் மேலே பாதுகாப்பாக ஒரு லாக்கர். சூரியனின் புற ஊதாக் கதிர், சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்து பூச்சையும் லாக்கரையும் மெதுவாக மாற்றுகின்றன. வெப்ப நாடுகளில் புழங்கிய வாட்ச்களில் இது நிறைய தென்பட்டதால்தான் டிராபிக்கல் என்ற பெயர்.

ஆனால் வெயில் மட்டும் போதாது. ஒரே கடற்கரையில் ஒரே காலம் கட்டிய இரண்டு வாட்ச்களில் ஒன்று பழுப்பாகி இன்னொன்று கறுப்பாகவே இருக்கலாம். அந்தந்தத் தயாரிப்புத் தொகுப்பில் பூச்சு எப்படிக் கலக்கப்பட்டது என்பது முக்கியம். எல்லா வாட்சும் மாறுவதில்லை என்பதால்தான் மாறியவற்றுக்கு மதிப்பு. நிறுவனங்களோ அன்று இதைக் குறையாகப் பார்த்து, சர்வீஸுக்கு வரும்போது டயலையே மாற்றிக் கொடுத்தன. இருந்த கொஞ்சத்திலும் பல அப்படித் தொலைந்துபோயின.

படி 3: ஆறு மணிக்குக் கீழே படியுங்கள்

டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எழுத்து இருக்கும். இருட்டில் ஒளிரும் பொருள், அதாவது லூம், எது என்பதை அது சொல்லும்.

1960களின் தொடக்கம் வரை பெரும்பாலும் ரேடியம். 'ஸ்விஸ்' என்று மட்டும் இருக்கும். அதன்பின் டிரிடியம். ஸ்விஸ் என்ற சொல்லோடு ஆங்கில 'T' எழுத்தும் வரும். 1990களின் கடைசியில் கதிரியக்கம் இல்லாத லூமினோவா வந்தபோது கொஞ்ச காலம் மறுபடி 'ஸ்விஸ்' மட்டும் அச்சானது. ஆக, வெறும் 'ஸ்விஸ்' இருந்தாலே 1950கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1960களின் வாட்சில் லூமினோவா காலத்து எழுத்து இருந்தால் அது பிற்பாடு மாட்டிய சர்வீஸ் டயல்.

டிரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 வருடம். 1965-இல் பூசிய டிரிடியத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதனால் அது இருட்டில் ஒளிரக் கூடாது. புற ஊதா டார்ச் அடித்தால் கொஞ்சம் மின்னி, அணைத்ததும் மங்கிவிட வேண்டும். அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் யாரோ புது லூம் பூசியிருக்கிறார்கள்.

ரேடியம் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதன் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளி தரும் துத்தநாக சல்பைடு செத்துவிட்டதால் ஒளிராது, ஆனால் கதிரியக்கம் அப்படியேதான் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி ரேடியம் டயல் தீட்டிய இளம்பெண்கள் தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். வழக்காடிய ஐந்து பேருக்கு 1928-இல்தான் சமரசத் தீர்வு கிடைத்தது. ரேடியம் வாட்சை நீங்களாகத் திறக்காதீர்கள், லூமைச் சுரண்டாதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீண்ட நாள் ஓடாமல் நின்ற ரேடியம் வாட்சில், முள் நின்ற இடத்தில் டயலில் அதன் நிழல்போல ஒரு பழுப்புத் தழும்பு இருக்கும். அதைச் சிலர் விரும்புவார்கள். நான் பார்ப்பது வேறு காரணத்துக்காக: முள்ளின் வடிவமும் தழும்பின் வடிவமும் பொருந்தாவிட்டால் முள் மாற்றப்பட்டிருக்கிறது.

படி 4: லூப்பை எடுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். இதில் நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த பளபளப்பான கறுப்பு ரோலக்ஸ் டயல்களில் எழுத்துகள் தங்க நிறத்தில் மின்னும். கில்ட் டயல் என்பார்கள். அந்தத் தங்க நிறம் மேலே அச்சிட்டது இல்லை. பித்தளைத் தகட்டில் எழுத்து வரும் இடத்தை முதலில் ஒரு தெளிவான பூச்சால் மூடுவார்கள். பிறகு மின்முலாம் முறையில் தகடு முழுக்கக் கறுப்பு ஏற்றுவார்கள். மூடிய இடத்தில் கறுப்பு பிடிக்காது. மூடியிருந்த பூச்சை எடுத்ததும் அடியில் இருக்கும் பித்தளையே எழுத்தாகத் தெரியும். அதனால் உண்மையான கில்ட் எழுத்து கறுப்பின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பள்ளத்தில் இருக்கும். வாட்சை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே லூப்பில் பாருங்கள். வெளிச்சம் எழுத்தின் கரையில் விழுந்து உள்ளே இறங்கும். தங்க மையில் மேலே அச்சிட்ட ரீடயலில், அதாவது பிற்பாடு புதிதாகப் பூசி எழுதிய டயலில், எழுத்து புடைத்து நிற்கும். சில அசல் டயல்களில் ஆழத்தைக் குறிக்கும் வரியை மட்டும் வெள்ளியில் மேலே அச்சிட்டிருப்பார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

1967 வாக்கில் மங்கலான மேட் டயல்கள் வந்துவிட்டன. அவற்றில் எழுத்து வெள்ளையாக மேலே அச்சிட்டதுதான். எனவே மேட் டயல் மாடலில் பள்ளமான தங்க எழுத்து இருந்தாலும், கில்ட் காலத்து வாட்சில் மேட் டயல் இருந்தாலும், கேள்வி கேட்கத் தொடங்குங்கள்.

அப்புறம், ரீடயலின் பொதுவான தடயங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மை கசிந்ததுபோல இருப்பது. நிமிடக் கோடு லூம் புள்ளியின் நடுவில் வராமல் தள்ளி நிற்பது. ஒட்டிய எண்களின் காலடியில் பெயின்ட் தேங்கியிருப்பது. டயல் புதிதாக ஜொலிக்க, முட்களில் மட்டும் துரு. என் தாத்தாவின் வாட்சில் இந்த நான்கும் இருந்தன.

நம் ஊர்ச் சந்தையில் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். பழைய ஃபேவர் லூபா, எச்எம்டி, ஒமேகா மெஷின்களுக்குப் புது டயல் பூசி விற்பது இங்கே பல வருடங்களாக நடக்கிறது. சேகரிப்பவர்கள் அவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த மாடலில் ஒருநாளும் வராத நிறத்தில், கண்ணைப் பறிக்கும் டயலைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

படி 5: சுட்டெடுத்த முதுமையைக் கண்டுபிடியுங்கள்

கறுப்பு டயலை அடுப்பில் சுட்டும், புற ஊதா விளக்கின் கீழ் வைத்தும் பழுப்பாக்கப் பார்க்கிறார்கள். லூமுக்கு டீயும் காபியும் கொண்டு சாயம் ஏற்றுகிறார்கள்.

இதற்கு நல்ல சோதனை டயலின் ஓரம். வாட்ச் கேஸின் உள்வளையம் டயல் விளிம்பை ஒரு நூலளவு மூடியிருக்கும். வெயில் அங்கே எட்டாது. டயலை வெளியே எடுத்தால், இயற்கையாக மாறிய டயலில் பெரும்பாலும் அந்த விளிம்பு மட்டும் பழைய கறுப்போடு மெல்லிய வளையமாக நிற்கும். சுட்ட டயலில் சூடு எல்லா இடத்திலும் ஒரேபோல ஏறியிருக்கும், லூப்பில் பார்த்தால் பூச்சில் சின்னச் சின்னக் குமிழ் தெரியலாம். டயலை எடுப்பது வாட்ச்மேக்கரின் வேலை. ஆனால் பெரிய தொகை கேட்கிறவரிடம் டயலைக் கழற்றிய படம் கேட்பது உங்கள் உரிமை.

அப்படியே பின்பக்கத்தையும் பாருங்கள். டயல் செய்தவரின் முத்திரை இருக்கலாம். லா ஷோ த ஃபோன் ஊரின் சிங்கர் நிறுவனம் டேடோனாவுக்கும் ஸ்பீட்மாஸ்டருக்கும் டயல் செய்துகொடுத்தது. அந்நாளில் டயல் செய்வது தனித் தொழில், பெருமையான தொழில். 1932-இல் பட்டேக் ஃபிலிப் நிறுவனத்தை வாங்கிய ஸ்டெர்ன் குடும்பமே டயல் செய்துவந்த குடும்பம்தான்.

டயல் லூமையும் முள் லூமையும் ஒப்பிடுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, வேறு வேறு பட்டறையில் பூசியிருப்பார்கள். ஆனால் டயலில் பூசணி நிறமும் முள்ளில் பால்வெள்ளையும் இருந்தால் ஒன்று மாற்றப்பட்டது. சாயம் ஏற்றிய லூமில் நிறம் ஓரம் தாண்டி டயலில் கசிந்திருக்கும்.

படி 6: முழு வாட்சும் ஒரே கதை சொல்கிறதா?

டயல் மட்டும் உண்மையாக இருந்தால் போதாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வந்தது. 1957-இல் வெளியான முதல் மாடலான 2915-1, அழகான பழுப்பு டயல். மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 பிராங்க். போனதோ 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 சுவிஸ் பிராங்க். வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் உண்மை வெளிவந்தது. அது வேறு வேறு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாட்ச். தன் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் தொடர்பு இருப்பதாக ஒமேகாவே அறிவித்தது.

இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தப் பழுப்பு டயலின் படத்தை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்து ரசித்திருக்கிறேன். உலகத்தின் கூர்மையான கண்கள் பார்த்த வாட்சுக்கே இந்த நிலை என்றால், நாம் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கேஸ் எண், மெஷின் எண், டயல் வகை, முள் வகை, பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்) ஆகிய ஐந்தும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று தனித்தனியாகச் சரிபாருங்கள். நிறமும் பேச வேண்டும். டயல் கருப்பட்டியாகும் அளவு வெயில் பார்த்த வாட்சில், அலுமினிய பெசல் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால் பெசலாவது மாற்றப்பட்டிருக்கிறது. கேஸ் கூர் மழுங்கப் பாலிஷ் ஆகியிருந்தால், டயலையும் யாராவது தொட்டிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

படி 7: விற்பவரிடம் கேளுங்கள்

நேர்வெயிலில் எடுத்த வீடியோ, கண்ணாடி இல்லாமல் எடுத்த டயல் படம், மெஷின் படம், கடைசி சர்வீஸ் ரசீது. இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். 'டயல் ஒரிஜினல்' என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். விலையைப் பொறுத்தவரை, அதே மாடலில் நிறம் மாறாத நல்ல வாட்சின் விலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குமேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் நிறத்துக்கான விலை. அந்த நிறம் உங்கள் கண்ணுக்குப் பிடித்தால் மட்டும் கொடுங்கள்.

படி 8: வாங்கிய பிறகு தொடாதீர்கள்

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "டயல், முள், லூம் எதையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ கூடாது. கேஸ் பாலிஷ் வேண்டாம். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்." அப்பா அன்று இந்த மூன்று வரியை எழுதியிருந்தால் தாத்தாவின் டயல் பிழைத்திருக்கும். பழைய டயலைத் துணியால் துடைத்தாலே எழுத்து போய்விடும், லூம் உதிர்ந்துவிடும்.

நீர்காப்பு ரப்பர் வளையங்களை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றச் சொல்லுங்கள். அவை எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஐம்பது வருட வாட்சோடு குளத்தில் இறங்காதீர்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள். ஜன்னல் ஓரம் வெயிலில் கிடத்தி வைக்க வேண்டாம். கட்டிக்கொண்டு வெளியே போவது வேறு, மணிக்கணக்கில் வெயிலில் காயவைப்பது வேறு.

கடைசியாக, வருடம் ஒருமுறை ஒரே ஜன்னலில், ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் வைத்து டயலைப் படம் எடுத்து வையுங்கள். பட்ரிட்ஸி டயல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். முதல் வருடப் படத்தையும் ஐந்தாம் வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளி வளையத்தில் வித்தியாசம் தெரியலாம். படத்தின் பின்னால் தேதியும், அந்த வருடம் அதை யார் கையில் கட்டியிருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.